நாற்பத்தோராவது கேள்வி

என் இருபத்திரண்டு வருடத் தொழிலில் நான் செய்த மிகச் சிறந்த குறுக்கு விசாரணை என் கட்சிக்காரரைத் தூக்குக் கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அன்று வக்கீல்கள் உட்காரும் பார் ரூமில் நான்கு பேர் எனக்குக் கைகொடுத்தார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

நான் குடியிருப்பது சிதம்பரத்தில், வக்கீல் தொழில் கடலூரில். நடுவில் ஒன்றரை மணி நேர பஸ். செக் கேஸ், விபத்து நஷ்டஈடு, ஜீவனாம்சம், இவைதான் என் பிழைப்பு. கொலை வழக்கு என்னிடம் வந்ததற்குக் காரணம் என் திறமை இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்களுக்கான இலவச சட்ட உதவிப் பட்டியலில் என் பெயர் இருந்தது. எனக்கு மேலே பெயர் இருந்தவர்களுக்கெல்லாம் அந்த வாரம் பார்த்து உடம்பு சரியில்லாமல் போய்விட்டது.

வழக்கு இதுதான். முதுநகரில் ஒரு கருவாட்டுக் கிடங்கு. அதன் முதலாளியும் மனைவியும் ஒரு விடியற்காலையில், கிடங்கை ஒட்டிய வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய ஆறு வயதுப் பெண் குழந்தைக்குத் தலையில் பலத்த அடி. நகைகளைக் காணோம். கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆளை மூன்றாம் நாள் விருத்தாசலத்தில் பிடித்தார்கள். அவர் காட்டிய இடத்தில்தான் நகையைத் தோண்டி எடுத்தோம் என்றது போலீஸ். அரசு வக்கீல் தூக்கு கேட்கப்போவதாக முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார், ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. செக் கேஸில் தோற்றால் கட்சிக்காரர் திட்டுவார், அவ்வளவுதான்.

குழந்தை பிழைத்துக்கொண்டது, ஆனால் அன்று காலை நடந்தது எதுவும் அதற்கு நினைவில் இல்லை. அதன் தாய்மாமன் சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். குழந்தையை அவர்தான் கூட்டிக்கொண்டு வந்து வளர்த்தார். அந்த வழக்குக்கு முன்னால் என் காகிதங்களை எல்லாம் அவர் கடையில்தான் நகல் எடுப்பேன். வழக்கு வந்த பிறகு இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்குப் போக ஆரம்பித்தேன். அந்தக் கடையில் எழுத்து பாதி விழும், பாதி விழாது. நியாயமான தண்டனைதான் என்று பொறுத்துக்கொண்டேன்.

வாய்தா நாளில் அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கடலூர் வருவார். இரண்டு பேருக்கும் ஒரே பஸ். எனக்கு முன் பக்கம் சீட், அவர் பின் பக்கம் உட்காருவார். முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஊர் ஊராக நின்று போகும் பஸ்ஸில் இரண்டு வருடம் போய்வந்தோம். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவருடைய அக்காவைக் கொன்றவன் என்று அவர் நம்புகிற ஆளுக்கு நான் வக்கீல். பேசுவதற்கு என்ன இருக்கிறது?

இனி அந்தக் குறுக்கு விசாரணைக்கு வருகிறேன். சம்பவம் நடந்த காலையில் ஒரு ஆள் குழந்தையை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார், அவசரப் பிரிவில் இருந்த நர்ஸின் கையில் கொடுத்துவிட்டுக் காணாமல் போனார். தன் சட்டையைக் கழற்றிக் குழந்தையின் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். ஆட்டோக்காரர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வெற்று மார்போடு வந்த அந்த ஆள் என் கட்சிக்காரர்தான் என்பது போலீஸின் வாதம். சம்பவ இடத்தில் அவர் இருந்தார் என்று நிரூபிக்க அவர்களுக்கு நர்ஸ் தேவைப்பட்டார். அவர் இல்லவே இல்லை என்று நிரூபிக்க எனக்கும் நர்ஸ் தேவைப்பட்டார்.

இவர்தான் என்று கூண்டைக் காட்டிய நர்ஸை நான் முக்கால் மணி நேரம் கேட்டேன். அந்த நேரத்தில் உங்கள் கண் குழந்தையின் மேல் இருந்ததா, தூக்கி வந்தவரின் முகத்தின் மேல் இருந்ததா? குழந்தையின் மேல்தான் என்றார். அந்தச் சட்டையைக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டினேன். கட்டம் போட்ட நீலச் சட்டை, அளவு முப்பத்தெட்டு. கடலூரில் பாதி ஆண்களுக்கு இந்த அளவுதானே என்றேன். இருக்கலாம் என்றார். கடைசியாக, கொலை செய்தவனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவானா, வழியில் போன யாரோ ஒரு நல்ல மனிதர்தானே தூக்கி வந்திருப்பார் என்று கேட்டேன். நர்ஸ் "அப்படியும் இருக்கலாம்" என்றார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்தது அதற்குத்தான்.

சாட்சிகள் முடிந்ததும் ஒரு கட்டம் உண்டு. சாட்சிகள் சொன்னதை எல்லாம் கேள்விகளாக்கி, குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதியே ஒவ்வொன்றாகக் கேட்பார். கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். இன்ன சாட்சி இப்படிச் சொல்கிறாரே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பார். அதற்கு எங்கள் பக்கத்து வக்கீல்கள் அத்தனை பேரும் கட்சிக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கிற பதில் ஒன்றே ஒன்றுதான். பொய். ஆடு திருடியவருக்கும் அதே பதில், ஆளைக் கொன்றவருக்கும் அதே பதில். ஒன்றுக்கு 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் அவிழ்த்துவிடுவார்கள் என்று பயம். வாய் பழகிவிட்டால் யோசிக்க வேண்டாம் என்று, காரிடாரிலேயே இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டுவிட்டு உள்ளே அனுப்புவோம். ஒரு தடவை ஒருவர், உங்கள் தகப்பனார் பெயர் இதுதானே என்று கேட்டதற்கும் 'பொய்' என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லி நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. செய்தாயா இல்லையா என்று கட்சிக்காரரிடம் கேட்கவே மாட்டோம். தெரிந்துகொண்டால் வாதாடும்போது நாக்கு தடுக்கும். நானும் கேட்கவில்லை.

அன்று காரிடாரில் என் கட்சிக்காரர் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். மூட்டை தூக்கிய உடம்பு, ஜெயில் சாப்பாட்டில் வற்றிப்போயிருந்தது. கேள்வி நிறைய இருக்கும், எல்லாவற்றுக்கும் 'பொய்' என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

"மேடம், அந்த ஆஸ்பத்திரி விசயத்துக்கும் அதேதானா?"

"எல்லாத்துக்கும்" என்றேன். பக்கத்து கோர்ட்டில் என் விபத்து கேஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடினேன்.

திரும்பி வந்தபோது முப்பதாவது கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் அறுபத்திரண்டு. பொய், பொய், பொய் என்று அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். நாற்பத்தோராவது கேள்வி நர்ஸின் சாட்சியம். குழந்தையின் தலையில் உங்கள் சட்டையைக் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்ததாக நர்ஸ் சொல்கிறாரே, என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லுங்கள் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் 'பொய்' என்றார். எல்லா பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். பின் பெஞ்சில் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார்.

ஒரு புதன்கிழமை தீர்ப்பு வந்தது. நர்ஸை நம்பவில்லை என்றார் நீதிபதி. குழந்தையைத் தூக்கி வந்தது தானில்லை என்று எதிரியே சொல்லிவிட்டார், ஆகவே அந்த விஷயத்தை விட்டுவிடலாம் என்றார். ஆனால் அது இல்லாமலே குற்றம் நிரூபணமாகியிருக்கிறது. நகை இருக்கிறது, காலையில் அவர் சுவர் ஏறிக் குதித்ததைப் பார்த்தவர் இருக்கிறார், அரிவாள் இருக்கிறது. குற்றவாளி. தண்டனை பற்றி வெள்ளிக்கிழமை கேட்கப்படும். அரசு வக்கீல் எழுந்து தூக்கு கேட்டார். ஆறு வயதுக் குழந்தையை அடித்துப்போட்டு, சாகட்டும் என்று விட்டுவிட்டுப் போன ஈரமில்லாத நெஞ்சு என்றார்.

அப்போதுதான் காரிடாரில் அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. ஈரம் இருந்தது என்று காட்ட இந்த வழக்கில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தார், அந்த நர்ஸ். அவரை முக்கால் மணி நேரம் கஷ்டப்பட்டு அழித்தது நான். மிச்சம் இருந்ததை நாற்பத்தோராவது கேள்வியில் என் தலையாட்டல் அழித்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தால் குழந்தை இருந்திருக்காது என்று டாக்டர் சாட்சியம் சொல்லியிருந்தார். அந்தப் பத்து நிமிஷம் இப்போது யாருடைய கணக்கிலும் இல்லை.

பார் ரூமில், எனக்கு டீ வாங்கிக் கொடுத்த அதே வக்கீலிடம் சொன்னேன். அவர் கிரிமினல் கேஸில் பழுத்தவர். வாயை மூடிக்கொண்டு இரு என்றார். இப்போது போய், தூக்கி வந்தது அவர்தான் என்று சொன்னால் சம்பவ இடத்தில் இருந்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும், ஹைகோர்ட்டில் அப்பீல் செத்துவிடும். தூக்கு வந்தாலும் ஹைகோர்ட் உறுதி செய்தால்தான் செல்லும், அங்கே பார்த்துக்கொள்ளலாம். அதோடு, இப்படி நீ சொல்லிக்கொடுத்தாய் என்று தெரிந்தால் உன் பெயர் என்ன ஆகும் என்றும் கேட்டார். மூன்றுமே சரியான சட்டக் கருத்து. எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை.

மறுநாள் கேப்பர் மலை ஜெயிலுக்குப் போனேன். கட்சிக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வியை அன்றைக்கும் நான் முழுசாகக் கேட்கவில்லை. பாதிதான் கேட்டேன்.

"குழந்தையத் தூக்கிட்டுப் போனது நீங்கதானா?"

"ஆமா மேடம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கேட்டேனே. நீங்க எல்லாத்துக்கும் பொய்யின்னு சொல்லச் சொன்னீங்க." குற்றம் சொல்கிற குரலே இல்லை. டிக்கெட் எவ்வளவு என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு, "அது ஒன்ன சொல்றப்ப மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. அழுதுச்சு மேடம் அது. அண்ணான்னு கூப்டுச்சு. அப்புறம் என்னால ஒன்னும் முடியல" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை. அவர் என்ன செய்திருந்தாலும் சரி, தான் செய்த ஒரே நல்ல காரியத்தைத் தன் வாயாலேயே மறுக்கும்படி அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நாளைக்கு அதை மாற்றிச் சொன்னால் தூக்கிலிருந்து தப்பிக்கலாம், ஆனால் அப்பீலில் விடுதலை என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்று எடுத்துச் சொன்னேன். இரண்டையும் தராசில் வைத்துக் காட்டுகிற மாதிரி இரண்டு தடவை சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு, பாப்பா பள்ளிக்கூடம் போகிறதா என்று கேட்டார். போகிறது என்று நினைக்கிறேன் என்றேன். எனக்கு உண்மையில் தெரியாது.

வெள்ளிக்கிழமை கோர்ட் நிரம்பியிருந்தது. தூக்கு என்றால் கூட்டம் வரும். தாய்மாமன் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி கேட்டார். என் கட்சிக்காரர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பாப்பாவ நான்தாங்க தூக்கிட்டுப் போனேன். அது என் சட்டைதான்."

யாரோ இருமினார்கள். நீதிபதி பழைய காகிதத்தைப் புரட்டி நாற்பத்தோராவது கேள்வியைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு ஏன் பொய் என்று சொன்னாய் என்று கேட்டார். சுலபமான கேள்வி. அதற்கான பதில் கூண்டிலிருந்து நான்கு அடி தூரத்தில் கறுப்பு கோட் போட்டு நின்றுகொண்டிருந்தது. என் கட்சிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதி இரண்டாவது தடவை கேட்டார். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பார்க்கவில்லை. தூக்குக் கயிறு தலைக்கு மேலே தொங்கும்போது, ஒரு மூட்டை தூக்குகிறவர் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அரசு வக்கீல் எழுந்து, கடைசி நேரத்தில் ஜோடித்த கதை என்றார். அவர் தப்பில்லை, அப்படித்தான் தெரிந்தது.

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றேன்.

ஸ்டெனோவின் கை நின்றது. இதைப் பதிவு செய்யலாமா என்று நீதிபதி மெதுவாகக் கேட்டார். எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார், நல்ல மனிதர். பதிவு செய்யுங்கள் என்றேன். காரிடாரில் அவர் கேட்டது, நான் ஓடியது, தலையை ஆட்டியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் முன்னாலேயே என்னிடம் கேட்டார் என்பதை இரண்டு தடவை சொன்னேன். நர்ஸ் சரியாகத்தான் சொன்னார், நான்தான் குழப்பினேன் என்றும் சொன்னேன். பின்னால் ஒரு ஜூனியர் சிரித்த மாதிரி இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்குத் தீர்ப்பு. இரட்டை ஆயுள், இரண்டையும் ஒரே காலத்தில் அனுபவிக்க வேண்டும். தூக்கு இல்லை. குழந்தையைக் காப்பாற்றியதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதாக நீதிபதி எழுதினார். அதே தீர்ப்பில் வக்கீலின் பொறுப்பற்ற அறிவுரை பற்றியும் ஒரு பாரா இருக்கிறது. என் பெயர் அச்சாகியிருக்கிற ஒரே கொலைத் தீர்ப்பு அதுதான். பின்னால் அப்பீல் போனது, பார் ரூம்காரர் சொன்னபடியே அந்த ஒரு வாக்குமூலத்தைக் காட்டித் தள்ளுபடி ஆனது. என் கட்சிக்காரர் உயிரோடு இருக்கிறார். நான் இப்போது நாற்பது கேள்வியானாலும் நூறு கேள்வியானாலும் கட்சிக்காரரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். மற்றவர்கள் 'எல்லாத்துக்கும் பொய்' என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சீக்கிரம் வேலை முடிந்துவிடுகிறது.

அன்று சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸில் முன் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முதுநகர் தாண்டியதும் தாய்மாமன் பின் சீட்டிலிருந்து எழுந்து வந்தார். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஏதோ சொல்லி எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு வருடம் பேசாதவர். அடிப்பார் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தேன்.

"தூக்குல போட்டிருந்தா எனக்கு ஒன்னும் வருத்தம் இருந்திருக்காது வக்கீலம்மா" என்றார். "அத மொதல்ல சொல்லிடறேன்."

சரி என்றேன்.

பஸ் ஆலப்பாக்கத்தில் நின்று கிளம்பியது. பிறகு முன்னால் இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நர்ஸை நான் கேட்ட அன்று, அந்தக் கேள்வி அவருக்கு மனதில் பதிந்துவிட்டதாம். கொன்றவன் எதற்குத் தூக்கி வரப்போகிறான்? அவருக்கும் முதலிலிருந்தே அது இடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் கேட்டதும் சந்தேகமே போய்விட்டது. அவனே கூண்டில் நின்று 'பொய்' என்றபோது உறுதியாகிவிட்டது. யாரோ ஒரு நல்ல மனிதர் கடலூரில் இருக்கிறார். எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் தேடியிருக்கிறார். முதுநகர் ஆட்டோ ஸ்டாண்டு, தேவனாம்பட்டினம், ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைகள் என்று ஒவ்வொரு இடமாக விசாரித்திருக்கிறார். குழந்தையையும் இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"பாப்பாவக் காட்டி நன்றி சொல்லணும்னு" என்றார். "போட்டிருந்த சட்டையக் கழட்டிக் கட்டிட்டு வெறும் உடம்போட போயிருக்காரே மனுசன். அதனால ஒரு சட்டை எடுத்து வச்சேன். பாப்பாதான் கலர் சொல்லுச்சு. ரெண்டு பேரும் போய் எடுத்தோம்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்த நல்ல மனிதரைக் கேள்வி கேட்டே உண்டாக்கியவள் நான். முக்கால் மணி நேரத்தில் உண்டாக்கி இவர் கையில் கொடுத்துவிட்டு, இன்றைக்குக் காலையில் பறித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"அது பீரோவுல கெடக்குது. பாப்பா கேக்கும், அவரக் கண்டுபுடிச்சாச்சான்னு. நான் என்னான்னு சொல்றது?"

எனக்குத் தெரிந்தது சட்டம் மட்டும்தான். தண்டனைக் கைதிகள் ஜெயில் உடுப்புதான் போட வேண்டும், வெளிச் சட்டையை அனுமதிக்க மாட்டார்கள் என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். புதுச்சத்திரத்தில் நாலைந்து பேர் ஏறினார்கள். கண்டக்டர் வந்து, போனார். முட்லூர் தாண்டி, சிதம்பரம் வருகிற நேரத்தில் அவர் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டார்.

"அவனுக்கு என்னா அளவு?"

வழக்குக் காகிதத்தில் எழுதியிருக்கிறது. கோர்ட்டில் கையில் தூக்கிக் காட்டியதும் நான்தான்.

"முப்பத்தெட்டு" என்றேன்.

"நாப்பதுன்னு எடுத்துட்டேன்" என்றார். "கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும்."